பூனை படுக்கும் கூடை

இபு வார்த்தினிக்கு, அதாவது வார்த்தினி அம்மாவுக்கு, வாய் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். "வாய் மட்டும் இல்லேன்னா இந்த நாலாம் சந்துல என்னை மிதிச்சே போட்டிருப்பாங்க" என்பாள். இந்தோனேசியாவின் சுரபாயாவில், ஜாகிர் ஆற்றோரம், சந்து முடிகிற இடத்தில் கடைசி வீடு அவளுடையது. முன்னறைதான் ருஜாக் கடை. அகலமான கல்லில் இறால் விழுதும் வறுத்த வேர்க்கடலையும் மிளகாயும் வைத்து அரைத்து, மாங்காய், வெள்ளரி, வேகவைத்த மாட்டு மூக்குத் துண்டு எல்லாம் போட்டுப் புரட்டித் தருவாள். யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மிளகா?" அதை அவள் கேட்கவில்லை என்றால் அந்த ஆளுக்கு அங்கே ருஜாக் கிடையாது.

அப்படி அவள் பதினோரு வருஷமாகக் கேட்காத ஆள் ஒருவன் உண்டு. குப்பை வண்டிக்காரன் சாக் டிமான். அவள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு காலி மனை. ஆறு சந்துக் குப்பையையும் தள்ளுவண்டியில் அள்ளி வந்து, லாரி வரும்வரை அங்கேதான் கொட்டி வைப்பான். மழைக்காலத்தில் அந்த நாற்றம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

"மாட்டு மூக்கு போட்ட ருஜாக்கை மனுஷன் மூக்கைப் பொத்திக்கிட்டு எப்படிய்யா திங்கிறது?" என்று தினமும் காலையில் கத்துவாள்.

"கொட்டச் சொன்ன எடத்துல கொட்டுறேன், இபு. என்னைத் திட்டி என்ன ஆகப்போவுது?" என்பான் டிமான். ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் திட்டுவாள். வாங்க வருகிறவர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். உட்கார்ந்து தின்ன ஆளில்லாத கடை ஒரு கடையா?

இந்த வருஷம்தான் வட்ட அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. நாற்பது வீட்டுச் சமையல் கழிவும் மூன்று மாதம் சந்துக்கு வெளியே போகக்கூடாது. வீட்டுக்கு ஒரு கூடை தருவார்கள். அதிலேயே போட்டு மக்கவைக்க வேண்டும். சோதனையில் தேறினால் குப்பை மேடு வேறு இடத்துக்குப் போகும், மனை சந்துக்காரர்களுக்குத் தோட்டம். தேறாவிட்டால் அங்கேயே கான்கிரீட் சுவர் எழுப்பி நிரந்தரக் குப்பைக் கிடங்கு. அட, வேலை வாங்கத் தெரிந்த நகரம் இது! டிக்கெட்டுக்குப் பதில் காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றுகிறவர்கள் அல்லவா? வார்த்தினி அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தாள். கான்கிரீட் சுவர் என்ற வரியை நாலாவது தடவையும் படித்தாள்.

அன்றிலிருந்து நாற்பது வீட்டுக்கும் அவள்தான் போலீஸ். கூடை என்றால் அழுக்குத்துணி போடுகிற நீலக்கூடைதான். உள்ளே அட்டை, அடியில் உமி மூட்டை, மேலே கறுப்புத் துணி. கழிவைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளற வேண்டும். சரியாகச் செய்தால் உள்ளே சூடேறும், நாற்றமே வராது. சோம்பேறித்தனம் பண்ணினால் புழு நெளியும். யார் ஒழுங்கு, யார் ஏமாற்று என்று கண்டுபிடிக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். சந்துப் பூனைகள் கதகதப்பான இடம் பார்த்துத்தான் படுக்கும். காலையில் ஒரு சுற்று நடப்பாள்.

"உன் கூடையில பூனை படுக்கலையேம்மா. கிளறினியா இல்லியா? தொற, பாக்கலாம்!"

மூடியைத் திறந்து கையை முழங்கை வரை விடுவாள். அடுத்தவர் வீட்டுக் குப்பைக்குள் அப்படிக் கைவிட்டு நான் யாரையும் பார்த்ததில்லை. மூன்று மாதத்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்பது அவளுக்கு மனப்பாடம்.

சோதனை ஒரு திங்கட்கிழமை என்று சொன்னார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை அக்கா மகள் கல்யாணம், மோஜோகெர்த்தோவில். சமையலுக்குப் போய் நிற்காவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு கேட்க வேண்டும். கிளம்பும்போது சந்துத் தலைவர் பாக் சுகொண்டோவிடம் ('பாக்' என்றால் ஐயா) சொன்னாள்: "ரெண்டே நாள். கூடைங்களைப் பத்திரமாப் பாத்துக்குங்க பாக்."

"நிம்மதியாப் போயிட்டு வாங்க இபு. சந்து முழுக்கப் பளபளன்னு ஆக்கிவைக்கிறேன்" என்றார் அவர். நல்ல மனுஷர். அந்தப் பளபளப்பில்தான் வந்தது வினை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்துக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவருக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு. அஞ்சாம் சந்திலிருந்து இரவல் வாங்கின பூந்தொட்டிகள். வாசலுக்கு வாசல் நாற்பது நீலக்கூடைகள், சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. ஒன்றில்கூட ஒரு பிடி மண் இல்லை.

"பாக் சுகொண்டோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூண்டுப் புறாக்கள் படபடத்தன.

அவர் பூப்போட்ட பத்திக் சட்டையில் சிரித்துக்கொண்டே வந்தார். "எப்பிடி இருக்கு? ஞாயித்துக்கெழமை ஊரே சேர்ந்து தேய்ச்சோம். விருந்தாளி வர்றப்போ அழுக்குக் கூடையை வைக்கமுடியுமா?"

"அந்த அழுக்கைத்தானய்யா அவங்க பாக்க வர்றாங்க! மூணு மாசம்! என் கையெல்லாம் வெந்துபோச்சே!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உள்ள இருந்ததை என்ன பண்ணினீங்க?"

"மனையில கொட்டிட்டோம். அசிங்கமா இருந்துச்சுன்னு பழைய பேனரைப் போட்டு மூடிவெச்சிருக்கோம்."

அவர் மனைவி லஸ்மி மெதுவாகச் சொன்னாள்: "அஞ்சாம் சந்துல அவங்க கூடையை இரவல் கேப்பமா, இபு? தொட்டி குடுத்தாங்கல்ல?"

"பூந்தொட்டி இரவல் வாங்கலாம். குப்பையை யாராவது இரவல் வாங்குவாங்களா? வாயை மூடு" என்றாள் வார்த்தினி. அதற்குள் வட்ட அலுவலக வண்டி வந்து நின்றுவிட்டது.

இறங்கினவர் இபு ரத்னாநிங்சி, சிரிக்கவே தெரியாத அதிகாரி. முதல் கூடையைத் திறந்தார். எலுமிச்சை சோப்பு வாசனை வந்தது. இரண்டாவதிலும் அதே. பத்தாவது கூடையில் அவர் திறப்பதை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"கூடையை யாருமே உபயோகிக்கலைன்னு எழுதிக்கலாமா?"

பாக் சுகொண்டோவுக்கு முகம் வெளிறிவிட்டது. செய்த தப்பு அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.  வார்த்தினிக்குக் கண்முன் வந்தது இதுதான்: கான்கிரீட் சுவர், ஆயுசுக்கும் அந்த நாற்றம். மனைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், ஏதோ கடைசியாகப் பார்ப்பதைப்போல.

அங்கே பேனர் மூடின குவியல்மேல் பூனைகள். ஒன்றா இரண்டா? சந்திலிருந்த ஏழு பூனைகளும் அடுக்கிவைத்தாற்போல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

"எழுதாதீங்க!" என்றாள். "ஒரு வார்த்தை எழுதாதீங்க. என்கூட வாங்க."

அதிகாரியின் கையைப் பிடித்தே இழுத்துக்கொண்டு போனாள். பூனைகளை விரட்டிப் பேனரை உருவினாள். குபுகுபுவென்று ஆவி எழுந்தது. நாற்பது கூடைச் சூடும் ஒரே இடத்தில் சேர்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. அதிகாரி பையிலிருந்து நீளமான வெப்பமானியை எடுத்துச் செருகினார். ஐம்பத்தெட்டு டிகிரி.

"மோந்து பாருங்க. அந்த மூலையில சாக் டிமானோட குவியல், கொடல் வெளிய வருது. இதுல ஏதாவது வாடை இருக்கா?"

குனிந்து முகர்ந்தார். மழை பெய்த மண் வாசனைதான். ஆனாலும் அவர் லேசில் விடுகிற ஆளில்லை. "நல்லா மக்கியிருக்கு. ஆனா இது நாப்பது வீட்டுதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

வார்த்தினி இடுப்புத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். கையைக் குவியலுக்குள் விட்டாள். "கேளுங்க. இந்த மாங்கொட்டை என் கடையிது. காப்பித் தூள், மூணாம் வீட்டுத் தாத்தா, ஒரு நாளைக்கு எட்டுக் கப்பு. முட்டை ஓடு, பதினாறாம் வீடு, கேக் சுடுறா. இந்தச் சோளமட்டை ஒன்பதாம் வீடு, நறுக்கிப் போடச் சொன்னா கேக்கவே மாட்டா." அந்தப் பெண் அங்கேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதிகாரி பட்டியலை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பேர் சொல்லிக் கேட்க, ஆமாம், ஆமாம் என்று தலைகள் ஆடின.

"இது துரியான் பழக் கொட்டை. பாக் சுகொண்டோ வீடு."

"துரியானா?" லஸ்மி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "சக்கரை இருக்கு, தொடவே மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினீங்களே!"

"வேற யாரோ போட்டிருப்பாங்க..."

"வாரத்துக்கு ஒண்ணு" என்றாள் வார்த்தினி, இரக்கமே இல்லாமல். சந்து முழுக்கச் சிரித்தது. சிரிக்கத் தெரியாத அதிகாரியும் பட்டியலால் வாயை மறைத்துக்கொண்டார். முப்பத்தி ரெண்டாம் வீடு வந்தபோது, "போதும் இபு, எழுந்திருங்க" என்றார்.

மூன்று வாரத்தில் காகிதம் வந்தது. குப்பை மேடு பெரிய ரோட்டுப் பக்கம் போகிறது, மனை சந்துக்கு. கடைசிக் குவியலை லாரியில் ஏற்றிவிட்டு, சாக் டிமான் தரையைக் கூட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். யாரும் அவனைக் கழுவச் சொல்லவில்லை. பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு கடையைத் தாண்டினான். வழக்கமான திட்டு வரவில்லையே என்று ஒரு நிமிஷம் நின்றான்.

"என்ன இபு, உடம்புக்கு முடியலியா?"

வார்த்தினி கல்லைத் துடைத்தாள். பதினோரு வருஷம் வெயிலிலும் மழையிலும் அந்த நாற்றத்துக்குள்ளேயே நின்றவன் இவன். தான் மூக்கைப் பொத்திக்கொண்ட நேரமெல்லாம் இவன் எதைப் பொத்திக்கொண்டான் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வண்டியை அங்க விட்டுட்டு உள்ள வா" என்றாள்.

"நானா? என் துணியெல்லாம் நாறுது இபு. பெஞ்சு அழுக்காயிடும்."

"அழுக்கானா கழுவிக்கிறேன். ஒக்காரு."

அவன் பெஞ்சின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான். அவள் வேர்க்கடலையைக் கல்லில் அள்ளிப் போட்டாள்.

"எத்தனை மிளகா?"