நந்திக்கு மேலே ஒரு வண்டு

எங்கள் பறவைகள் சரணாலயத்தில் அவருக்கு நந்தி என்று பெயர். படகுக்காரர் வைத்தது. "எதைப் பார்க்கப் போனாலும் குறுக்க வந்து நிக்கிறாரே, வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க?" என்பார். வனக்காவலர் என்பது உத்தியோகப் பெயர். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் வாசலில் டிக்கெட் கொடுக்கிறவள். குவார்ட்டர்ஸில் அவருக்கு அடுத்த வீடு. அதனால் எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி.

அண்ணன் தலையில் எப்போதும் ஒரு தொப்பி இருக்கும். பச்சையாக இருந்து வெளுத்துச் சாம்பலாகிப்போன தொப்பி. உச்சியில் கிழிந்த இடத்தில் அண்ணி பழைய திரைச்சீலையிலிருந்து நீலத் துணி வெட்டி ஒட்டுப்போட்டிருந்தாள். புதுசு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று நான் கிண்டல் செய்தால், "ஒட்டு உச்சியிலதானே இருக்கு? குனிஞ்சாத்தான் தெரியும். நான் எவனுக்கும் குனியறதில்ல" என்பார். அதோடு சரி. அவர் அடிக்கிற ஜோக் அது ஒன்றுதான், அதையும் சிரிக்காமல்தான் சொல்லுவார்.

அவருக்கு வேலை, ட்ரோன் விடக் கூடாது என்று சொல்வது. வேறு வேலைகளும் உண்டு. ஆனால் நாளில் பாதியை இது தின்றுவிடும். ட்ரோனை அவர் வண்டு என்பார். "ஒரே நிமிஷம் சார்", "சத்தமே வராது சார்", "நான் யாருன்னு தெரியுமா?" என்று வருகிறவர்கள் மூன்று ரகம். மூன்று ரகத்துக்கும் ஒரே குரலில் பதில் சொல்லுவார். மேலே வண்டைப் பார்த்தால் நாரை அதைப் பருந்து என்று நினைத்துக் கூட்டைவிட்டு எழுந்துவிடும். எழுந்துவிட்டால் முட்டை வெயிலில் கிடக்கும். மத்தியான வெயிலில் முட்டை உள்ளேயே வெந்துபோகும், மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொள்ளும். இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு நாக்கே தேய்ந்துவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். விதியை எழுதியவர்கள் வாசலில் பெரிய பலகை வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பலகையில் சாய்ந்து நின்றுகொண்டே ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணனுக்குக் கோபம்கூட வருவதில்லை. கையை நீட்டுவார், வாங்கி வைத்துக்கொள்வார், ரசீது கொடுப்பார்.

போன வருஷம் ஒரு கல்யாண ஜோடி, படம் எடுக்க வந்தது. ஏரி நடுவில் மரங்கள் நிற்கிற திட்டுக்கு நேர் மேலே ட்ரோனைச் சுற்ற விட்டார்கள். நாரைகள் அப்போதுதான் முட்டையிட ஆரம்பித்திருந்தன. மொத்தக் கூட்டமும் எழுந்து, சுற்றிச் சுற்றி வந்து, மறுநாள் ஒரேயடியாகப் போய்விட்டது. அந்தப் பருவம் முழுக்கத் திட்டு காலி. அண்ணன் மட்டும் தினமும் போய் அந்த வெறும் மரங்களுக்குக் காவல் இருந்தார். எதற்கு அண்ணே என்றால், "உத்தரவு அப்படி" என்றார். அந்த வருஷம்தான் அவருக்கு முதுகு கூனியது.

இந்த வருஷம் வருமா வராதா என்று நாங்கள் காத்திருக்க, நாரைகள் தாமதமாக வந்தன. பழைய கூட்டத்தில் பாதி இருக்கும். "இந்தத் தடவையும் விரட்டிட்டா அவ்வளவுதான். ரெண்டு தடவை கழுத்தைப் பிடிச்சுத் தள்ளின வீட்டுக்கு நாம போவோமா?" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட அவர் வெளியே வரவில்லை. திட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள காவல் குடிசையிலேயே சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, தட்டில் போட்டுச் சாப்பிட்டுக்கொள்வார்.

வெளியே சலிக்காமல் சொன்ன இந்தக் காரணங்களை அந்த மனிதர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். நாளெல்லாம் பேசிவிட்டு வருகிறவர் வீட்டுப் படி ஏறும்போது வாயைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வருவார். காலைக் கழுவுவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். "உள்ளே என்னதாங்க இருக்கு?" என்று அண்ணி கேட்டால் "பறவைதான் இருக்கு" என்பார். சுவர் ஓரம் எனக்கே கேட்கும்.

அண்ணியும் பாவம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குவார்ட்டர்ஸ்தான். பறவைச் சத்தத்தில் கண் விழிப்பாள், காற்று திரும்பினால் எச்ச நாற்றத்துக்கு ஜன்னலைச் சாத்துவாள். கூட்டில் ஒரு பறவை உட்கார்ந்திருப்பதைப் பக்கத்தில் பார்த்ததில்லை. வாசல் பக்கத்துப் பார்வைக் கோபுரத்தில் ஏறினால் தூரத்தில் உப்பைத் தூவின மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஊழியர் குடும்பத்தை உள்ளே அழைத்துப்போகலாம், ஆனால் கூடு கட்டாத மாதங்களில் மட்டும். அப்போது சேறும் சுள்ளியும்தான் இருக்கும். கூடு கட்டும் மாதங்களில் ஒருமுறை அவள் கெஞ்சிக் கேட்டிருக்கிறாள். "உனக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?" என்று அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் கவுண்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அண்ணன். குரலுக்குப் பின்னால் தண்ணீரை அடிக்கிற சத்தம்.

"வண்டு. திட்டுக்கு மேல. எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாரு."

இது எங்கள் இரண்டு பேருக்கும் பழகின வேலை. மேலே பார்த்துக் கத்திக்கொண்டு ஓடினால் ட்ரோன்காரன் அகப்பட மாட்டான். சார்ஜ் தீரும்போது அது கிளம்பின இடத்துக்கே திரும்பி இறங்கும். நான் கோபுரத்தில் ஏறி அது இறங்குகிற இடத்தைச் சொல்வேன், அவர் அங்கே போய்க் கையை நீட்டுவார்.

கோபுரத்தில் ஏறினேன். திட்டில் ஒரு பறவைகூட இல்லை. அத்தனையும் வானத்தில் இருந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுப்புப் புள்ளி கரைப் பக்கம் திரும்பியது. வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் இறங்கும் என்று பார்த்தேன், இறங்கவில்லை. சாலையைத் தாண்டியது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, அதற்குப் பின்னால் இறங்கியது. அதற்குப் பின்னால் எங்கள் குவார்ட்டர்ஸைத் தவிர எதுவும் கிடையாது. காலையில் அண்ணியின் தம்பி தோளில் பையோடு மாடிப்படி ஏறினது ஞாபகம் வந்தது. அவன் விசேஷ வீடுகளில் படம் பிடிக்கிறவன்.

"அண்ணே, நம்ம குவார்ட்டர்ஸ் பக்கம்" என்றேன்.

"சரி" என்றார்.

கவுண்டரைச் சாத்திவிட்டு நானும் ஓடினேன். நான் மாடி ஏறும்போது அண்ணியும் தம்பியும் துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே நின்றிருந்தார்கள். ட்ரோன் தரையில் இருந்தது. அண்ணன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறி வந்தார். இடுப்பு வரை சேறு, உடம்பெல்லாம் தண்ணீர், வலது கை விரலிடுக்கில் இன்னும் ஒரு சோற்றுப் பருக்கை.

தம்பிதான் முதலில் பேசினான். "மாமா, மேப்பைப் பார்த்துட்டுத்தான் விட்டேன். இந்த மாடி எல்லைக்கு வெளியிலதான் வருது."

"நீ வெளியிலதான் நிக்கிறே. அது எங்க போச்சு?"

அவன் குனிந்து ட்ரோனின் இறக்கையை மடக்கினான்.

"யாரு விடச் சொன்னது?" இது அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. குரலும் அதே குரல்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் அண்ணி. "மத்தியானத்துல விடுன்னு சொன்னதும் நான்தான். நீங்க சாப்பிட்டு ஓய்வா இருக்கிற நேரம், உங்களுக்குத் தொந்தரவு இருக்காதுன்னு நினைச்சேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இருக்கிற நேரத்திலேயே மோசமான நேரத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறாள், அதுவும் அவர்மேல் வைத்த பரிவில். முட்டை வேகும் என்று டிக்கெட் வாங்குகிற ஒவ்வொருவனுக்கும் சொன்ன மனிதர் பெண்டாட்டிக்குச் சொல்லியிருந்தால் அவள் இப்படிச் செய்வாளா?

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "சரி, பார்த்தியா? பறவையைப் பார்த்தியா?"

"பார்த்தேன்." அண்ணியின் கையில் தம்பியின் போன் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்திருந்தாள். "முதல்ல தூரத்துல ஏதோ ஒரு குடிசை தெரிஞ்சுது. வாசல்ல ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். கை தட்டுல இருக்கு, தலை தொங்கிப்போச்சு. யாருடா இந்தக் கிழவர், வாய் வரைக்கும் கை போகக்கூடத் தெம்பில்லாம தூங்கறாரே, பாவம்னு தம்பிகிட்ட கேட்டேன்."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் பறவை. ரெக்கையை விரிச்சு வெயிலுக்குக் குடை மாதிரி பிடிச்சுகிட்டு நின்னுச்சு. இன்னும் கிட்டப் போடான்னு நான்தான் சொன்னேன். எல்லாம் எழுந்திரிச்சுருச்சு. அந்தக் கிழவர் ரெண்டு கையையும் ஆட்டிகிட்டுத் தண்ணிக்குள்ள ஓடி வந்தார். விழுந்தார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார். அப்பதான் தொப்பி தெரிஞ்சுது. நீல ஒட்டு."

அண்ணன் அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது, அவர் தலை எவ்வளவு நரைத்திருக்கிறது என்று. தினமும் பார்க்கிற முகத்தை நாம் எங்கே பார்க்கிறோம்?

பிறகு எழுந்து ட்ரோனைச் சாக்கில் போட்டுக் கட்டினார். அதிகாரி அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா நல்ல மாதிரி. "வீட்டு ஆளுங்கதானே, எச்சரிச்சு விட்டுடுங்க, எதுக்கு வம்பு?" என்றது எனக்கே கேட்டது.

"வேண்டாம்மா. கேஸ் போடுங்க. நாளைக்கு வாசல்ல இன்னொருத்தன்கிட்ட நான் கை நீட்டணும்ல. வேலியே பயிரை மேஞ்சா அவன் சிரிப்பான்."

தம்பி பையைத் தூக்கிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனான். அந்த வீட்டுக்கு அவன் இன்னும் வரவில்லை. படகுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நந்தி சொந்த வீட்டு வாசலிலும் குறுக்கே நின்றுவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் மூன்று பேரும் கோபுரத்தில் நின்றோம். அண்ணன் பைனாகுலரை வைத்து வெகுநேரம் பார்த்தார். அவராகவே சொன்னார்.

"ஓரத்து மரம் போச்சு. அங்க காக்கைதான் உட்கார்ந்திருக்கு. நடு மரத்துல இருக்கிறதெல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருச்சு. நாளைக்கும் அப்படியே இருந்தா, இந்த வருஷம் தப்பிச்சோம்."

"ஓரத்து மரம் என்னாலதானே?"

"ஆமா" என்றார். சமாதானத்துக்கு ஒரு பொய் சொல்லக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் பொறுத்து, "வீட்டுல நான் சொல்லியிருக்கணும்" என்றார். "அங்க பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தா பேச வர மாட்டேங்குது."

மறுநாள் மத்தியானம் அண்ணி தூக்கோடு என் கவுண்டர் முன்னால் வந்து நின்றாள். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவி, தலையை அள்ளி முடிந்திருந்தாள். அவரைக் கூப்பிடு என்றாள். நான் போன் போட்டேன். திட்டை விட்டு வர முடியாது என்று அண்ணன் சொன்னார். அண்ணி போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"நடு மரம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வாங்க. கோபுரத்துப் படியில உட்கார்ந்து சாப்பிடுங்க. வானத்தை நான் பார்த்துக்கறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"மேலேயிருந்து எப்படித் தெரியும்னு எனக்குத்தான் தெரியும்" என்றாள்.

அண்ணன் வந்தார். படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டிலேயே கை தட்டில் நின்றுவிட்டது, தலை தொங்கிவிட்டது. நான் எழுப்பப் போனேன். அண்ணி கையைக் காட்டித் தடுத்தாள். தொப்பியை அவர் தலையிலிருந்து மெல்ல எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழக்கே ஏதோ ஒன்று தெரிந்தது. அவள் சட்டென்று என் தோளைப் பிடித்தாள்.

"பருந்துதான் அண்ணி" என்றேன்.

"நல்லாப் பார்த்துச் சொல்லு" என்றாள்.