நரியின் பாவசங்கீர்த்தனம்

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எனக்குத் தெரியாத விஷயம் ஏதாவது இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அதுவரை எழுந்ததில்லை. கத்தோலிக்க ஊர். பள்ளிக்கூடம் கோயிலுக்குச் சொந்தம். கோயில் பங்குச்சாமியாரின் பொறுப்பு. நானோ கிழக்கே வயல்காட்டு ஊர்க்காரன், திருநீறு பூசும் வீட்டுப் பிள்ளை. பரீட்சை பாஸான கிறிஸ்தவர் யாரும் அகப்படாததால், சாமியார் என்னை மூன்று மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நான் ஊருக்குத் திரும்பி அப்பாவோடு வயலில் இறங்க வேண்டும். நெற்பயிருக்கு நான் ஏற்கெனவே செய்திருந்த கெடுதல்களை நேரில் கண்டவர் அப்பா. வேலை நிரந்தரமாக வேண்டும் என்று என்னைவிட அதிகம் வேண்டிக்கொண்டவர் அவர்தான்.

மூன்றாவது மாதத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நாகர்கோவில் வாசகசாலையில் பாடம் நடத்தும் முறைபற்றிய ஓர் இங்கிலீஷ் புத்தகம் கையில் கிடைத்தது. பிள்ளைகள் கதையை ஒப்பிப்பதால் பயனில்லை, கதைக்குள் இருக்கும் ஒருவராகவே மாறி ‘நான்’ என்று சொல்லி எழுத வேண்டும் என்றது அது. இரண்டு அத்தியாயம் படித்தேன். மீதியை நானே எழுதிவிடலாம் என்று தோன்றவே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாலாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள். பாடம், ஒரு நரியின் கதை. கோழிக்கூட்டுக்குக் காவல் இருக்கிறேன் என்று ஒருவனிடம் சேர்ந்து, அத்தனை கோழியையும் தின்று தீர்த்து, கடைசியில் மாட்டிக்கொள்ளும் நரி. “நீங்கள்தான் நரி. நடந்ததை நீங்களே சொல்லுங்கள்,” என்றேன்.

ஆச்சரியமான வேகத்தில் எழுதி முடித்தார்கள். முதல் சிலேட்டை வாங்கிப் படித்தேன்: “சாமி, நான் பாவி. போன பாவசங்கீர்த்தனம் பண்ணி ஒரு மாசம் ஆகிறது. கோழி திருடினேன், நாலு தடவை. பொய் சொன்னேன், ஏழு தடவை. மனஸ்தாபப்படுகிறேன்.” இரண்டாவது சிலேட்டிலும் அதேதான். மூன்றாவதிலும் அதேதான். ஒரு நரி மட்டும் கூடுதலாக, ஞாயிற்றுக்கிழமைப் பூசை காணாமல் இருந்திருந்தது.

முப்பது பேரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன்.

“யாரைப் பார்த்து எழுதினீர்கள்?”

கடைசி வரிசையில் மீன்காரி ஒருத்தியின் மகள் இருந்தாள். என்மேல் அவளுக்கு எப்போதும் ஒரு இரக்கம் உண்டு. “யாரையும் பாக்கல சாரே. தப்பு செஞ்சவன் கோயில்ல சாமியாருகிட்ட பின்ன எப்பிடிச் சொல்லுவான்? உங்க ஊர்ல எப்பிடிச் சொல்லுவாவ?”

எங்கள் ஊரில் தப்பு செய்தவர்கள் சொல்வதில்லை. அதை எப்படி அவளுக்கு விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சாமியார் உள்ளே வந்தார். கையில் சிலேட்டோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தார். ஒரு சிலேட்டை வாங்கிப் படித்தார். இன்னொன்றையும் படித்தார். என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

“இது என்ன வேய்?”

“நரி, சாமி.”

“பூசைக்குப் போவாதது எந்த நரி?”

அந்தச் சிலேட்டை எடுத்துவர நான் திரும்பினேன். அவர் கைகாட்டி நிறுத்தினார்.

“இதுல எது நரிக்க பாவம், எது பிள்ளையளுக்க பாவம்னு உமக்குத் தெரியுமா? பாவசங்கீர்த்தனம் கேக்க நான் பதினோரு வருசம் படிச்சேன். நீரு மூணு மாசத்துல தொடங்கிட்டீரு!” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “வெள்ளிக்கிழம வாறேன். இதே பாடத்த எனக்க முன்னால நடத்தும். சிலேட்டுல இன்னொரு பாவசங்கீர்த்தனம் வந்துதுன்னா, சனிக்கிழம நீரு ஊருக்குப் போவலாம்.”

புத்தகத்தின் மூன்றாவது அத்தியாயத்தில் இதற்கு ஏதாவது வழி சொல்லியிருக்கலாம். ஆனால் நாகர்கோவில் தூரத்தில் இருந்தது.

வியாழக்கிழமை மாலை கடற்கரைக்குப் போனேன். கட்டுமரங்கள் கரையேறி, மீன் ஏலம் முடிகிற நேரம். இரண்டு பெண்களுக்குள் பெரிய பெகளம். தன் கூடையில் கிடந்த மீன் ஒன்றைக் காணவில்லை என்றாள் ஒருத்தி. மற்றவள் நம் கடைசி வரிசைக்காரியின் தாய். எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. காலையில் தான் கண்விழித்ததிலிருந்து தொடங்கினாள். நான் எங்கே நின்றேன், நான் என்ன கண்டேன், நான் யார், நான் யாருடைய மகள்! நானும் வேலையை மறந்து நின்று கேட்டேன். அவள் வாயிலிருந்து எத்தனை ‘நான்’ வந்ததோ, ஒன்றில்கூடப் பாவம் இல்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை சாமியார் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன்: “நரி கடற்கரையில் நிற்கிறது. கோழிக்காரன் வந்து, என் கோழியைத் தின்றது நீதான் என்று நாலு பேர் முன்னால் சொல்கிறான். நீங்கள் நரி. விடுவீர்களா?”

“விடமாட்டோம் சாரே!”

“கோழிக்காரன் யாரு?” என்றார் சாமியார். அதை நான் யோசித்திருக்கவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவரே, “சரி, நானே கோழிக்காரன். ஏ நரி, எனக்க கோழியள எங்க?” என்றார்.

கடைசி வரிசைக்காரி எழுந்தாள். ஒரு கை இடுப்புக்குப் போனது.

“ஏலே கோழிக்காரா!”

சாமியாரை ‘ஏலே’ என்று கூப்பிட அந்த ஊரில் ஆள் பிறந்ததில்லை. நான் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினேன். அவள் நிறுத்தவில்லை.

“காவலுக்கு வைக்கும்போ நான் நரின்னு உனக்குத் தெரியாதா? எனக்க வாலு கண்ணுல படலியா? ராப்பகலா கோழியள எனக்க முன்னால மேயவிட்டியே, ஒரு வாய் கஞ்சி தந்தியா? கோழி போச்சுன்னு இப்போ ஓடி வாறியே, நரி மெலிஞ்சு போச்சேன்னு ஒரு நாளு வந்தியா?”

சாமியார் வாயைத் திறந்தார், மூடினார். “கஞ்சி குடுக்காதது தப்புதான்,” என்றார்.

அதற்குப் பிறகு முப்பது பேரும் எழுதினார்கள். ஒரு நரி கோழிகள்தான் முதலில் தன்னைக் கொத்தின என்றது. ஒரு நரி, தின்றது தன் தம்பி என்றது. பூசைக்குப் போகாத நரியையும் காணோம். சாமியார் எல்லாச் சிலேட்டையும் படித்துவிட்டு, “திங்கக்கிழம எனக்க பங்களாவுக்கு வாரும். உமக்க வேலைக் கடுதாசியில கையெழுத்துப் போடணும்,” என்றார். கடைசி வரிசைக்காரியின் சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏட்டி, இந்த ‘ஏலே’ய மட்டும் அழிச்சிரு,” என்றார்.

“அத அழிச்சா நரிக்கு ரோசமே இல்லியே சாமி.”

சாமியார் என்னைப் பார்த்தார். “இருக்கட்டும் சாமி. அவள் சொல்லவில்லை, நரி சொன்னது,” என்றேன். கையெழுத்து இன்னும் விழவில்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அவர் சிலேட்டை அப்படியே அவளிடம் நீட்டிவிட்டு வெளியே போனார். திங்கட்கிழமை கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை காத்திருந்து, என்னிடம் தரும்போது சொன்னார்:

“அடுத்த தடவ கோழிக்காரனாட்டு எழுதச் சொல்லும் வேய். அவனுக்கும் சொல்ல நாலு வார்த்த இருக்கு. அன்னைக்கு எனக்கு நேரத்துக்கு வரல.”