போதும் மேடம்

இந்த ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேர்ந்த முதல் வாரமே சண்டை போட்டேன். குழந்தைகளின் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து மூச்சுக் குழாய் போடுவதற்கான கருவியைக் கையில் எடுத்தால், விளக்கு எரியவில்லை. அதன் பேட்டரி அவசர சிகிச்சை அறையின் சுவர்க் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எப்பவோ ஒரு தடவைதான் மேடம் வேணும். மணி தெனமும் பாக்கணுமே," என்றார் மூத்த செவிலியர். அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதனாலேயே எரிச்சல் கூடியது.

அன்றிலிருந்து தினமும் காலையில் எல்லோர் முன்னும் அந்த விளக்கை எரியவிட்டுப் பார்த்தேன். குழாயை எடுத்துத் தருவது யார், ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது யார் என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். அளவு இறங்கினால் யார் வேண்டுமானாலும் என்னை நிறுத்தலாம் என்றேன். டாக்டர் கையை இங்கே யார் நிறுத்துவார்கள்? தலையாட்டிவிட்டுப் போனார்கள். என் முதுகுக்குப் பின்னால் இதற்குக் 'காலைப் பூசை' என்று பெயர். டீ குடிக்கும் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். பீங்கானுக்குப் பேர்போன ஊர். அந்த அறை அலமாரியில் ஆளுக்கொரு பீங்கான் கப் இருந்தது. நான் பேப்பர் கப்பில் வாங்கிக்கொண்டு என் மேசைக்கே வந்துவிடுவேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஒரு மதியம் கம்மாபுரத்திலிருந்து ஒரு தம்பதி, காய்ச்சலில் வலிப்பு நிற்காத தங்கள் பெண் குழந்தையோடு பைக்கில் வந்து இறங்கினார்கள். மருந்து கொடுத்ததும் வலிப்பு அடங்கியது. கூடவே மூச்சும் அடங்கியது. முகமூடி வைத்துக் காற்றுப் பையை அழுத்தியும் தானாக மூச்சு வரவில்லை. குழாய் போட்டே ஆக வேண்டும். விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால் எச்சில் திரண்டு வழியை மறைத்தது. இன்னும் கொஞ்சம், இதோ தெரிந்துவிடும் என்று குனிந்தே இருந்தேன். வேறெதுவும் காதில் விழவில்லை.

"போதும் மேடம். வெளிய எடுங்க. எறங்குது."

அந்த மூத்த செவிலியர்தான். கண் ஆக்சிஜன் அளவிலேயே இருந்தது. எடுத்தேன். அவர் பையை அழுத்த அழுத்த, நீலம் பாய்ந்திருந்த உதடு மெல்லச் சிவந்தது. எச்சிலை உறிஞ்சிவிட்டு மறுபடி முயன்றபோது குழாய் சரியாக இறங்கியது. குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கண் திறந்துவிட்டாள் என்று சாயங்காலம் போன் வந்தது.

"எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லிட்டேன் மேடம். மனசுல வச்சுக்காதீங்க," என்றார் அவர்.

"அப்படியெல்லாம் இல்ல சிஸ்டர்..." என்று ஆரம்பித்தேன். மங்கலம்பேட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று என் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் துபாயில் இருக்கும் கணவருக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு சிஸ்டர் என்னைப் பாதியில நிறுத்திட்டாங்க."

"உன்னையா? அவ்ளோ தூரம் வந்துட்டாங்களா? மேல ஒரு வார்த்தை சொல்லி வை."

பேச்சை முடிக்க, சரி என்று போனை வைத்துவிட்டேன். இத்தனை வருட வேலையில் நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அதைக் கேட்க வேண்டிய ஒரே ஆள், நான் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய போன் நம்பர்கூட என்னிடம் இல்லை.