வெள்ளை வெளியில் ஒரு கிணறு

சாவகச்சேரியில் நடந்த நவீன கலைக் கண்காட்சியில், வருகிறவர்களுக்கு வி.ஆர். கண்ணாடியை மாட்டிவிட்டு, உள்ளே தெரியும் படைப்பை விளக்குவது என் வேலை. கண்ணாடிக்குள் எல்லையில்லாத வெள்ளை வெளி. நடுவில் ஒரு கிணறு மட்டும். அது மனித நினைவைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் என் அக்கா வந்தார். கண்ணாடியை மாட்டியதும், நான் விளக்கத் தொடங்குமுன்பே, கிணற்றிலிருந்து அடி அளந்து நடந்தார். இராணுவம் பல வருடம் பிடித்து வைத்திருந்து விடுவித்த எங்கள் காணியிலும் கிணறு மட்டும்தான் மிஞ்சியிருந்தது. வீடு இருந்த இடத்தை அக்கா அன்றும் இப்படித்தான் கண்டுபிடித்தார்.

“இதிலை அடுப்பு, குசினி. இதிலை அறை,” என்றவர் சட்டென்று நின்றார். “செல் விழுந்து வெடிக்கேக்கை அப்பா இதிலைதான் இருந்தவர்.”

எனக்கு மூன்று வயதில், அப்பா காய்ச்சலால் ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று சொல்லித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். அக்காவின் கண்ணாடியை நானே கழற்றினேன்.

“காய்ச்சல் எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“வேறை என்னத்தைச் சொல்லுறது? அப்பான்ரை கைக்குள்ளையிருந்துதான் உன்னை எடுத்தனாங்கள்.”

அடுத்து நின்றவரை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, அக்காவோடு வெளியே வந்தேன். பஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.