ஒரகடத்தில் 'நானும்' சொல்லும் ஜெபவீடு

பதினோரு வருடமாக நான் சர்ச்சில் நற்கருணை அப்பம் வாங்கவில்லை. நான் செய்யாத தவறுக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னது எங்கள் சபைக் கமிட்டி. அன்றிலிருந்து, ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து 'நாங்கள் பாவிகள்' என்று சொல்லும் பாவ அறிக்கை வரும்போது வாயை மூடிக்கொள்வேன். வேதத்தை நானாகவே படித்தவன். மனிதன் பிறவியிலேயே பாவி என்பதை ஒப்புக்கொண்டதில்லை. ஒரகடத்தில் தொழிலாளர்கள் கூடும் ஜெபவீட்டில் அந்த அறிக்கையை வேறு விதமாகச் செய்கிறார்கள் என்றார்கள். போன ஞாயிறு, வாதாடத்தான் கிளம்பினேன்.

தாம்பரத்தில் 8.10 மின்சார ரயில், பத்து ரூபாய். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கும்போது 8.50. அங்கிருந்து ஒரகடம் பன்னிரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். ஒரே ஒரு இடம்தான் மிச்சம். கழுத்தில் கம்பெனி அட்டையோடு, நைட் ஷிஃப்ட் முடித்த ஒரு பெண் ஏறப் போனாள். நான் குறுக்கே புகுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"நான்தான தாத்தா மொதல்ல வந்தேன்?"

"உனக்கு முன்னாடியே நின்னுகினு இருக்கேன்" என்றேன். பொய்தான்.

"வுடும்மா, பெருசு எறங்காது" என்றார் டிரைவர். உள்ளே எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெபவீடு ஒரு டீக்கடையின் மாடியில், தகரக் கூரையின் கீழ். ஆராதனை ஒன்பதரைக்கு. அங்கே அறிக்கையைப் புத்தகம் பார்த்து வாசிப்பதில்லை. வாரம் ஒருவர் எழுந்து, அந்த வாரம் தான் செய்த ஒரு பாவத்தைச் சொல்கிறார். மற்றவர்கள் "நானும்" என்று முழங்காலிடுகிறார்கள். பிறகுதான் நற்கருணை. அன்று சொல்ல வேண்டியவருக்காகச் சபையே காத்திருந்தது. பத்து மணிக்குப் படியேறி வந்தது அந்தப் பெண்.

என்னைக் கவனிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "வேற ஒண்ணு சொல்லலாம்னு இருந்தேன். ஆட்டோவுல ஒரு தாத்தா என் எடத்த புடிச்சிகினாரு. இந்தக் கெழம் போற வழியிலயே சாவட்டும்னு நெனச்சேன். மனசார நெனச்சேன். அவருக்கு ஒண்ணும் ஆயிருக்கக் கூடாது."

இடத்தைப் பறித்தவன் நான். பறிகொடுத்தவள் சபை முன் நின்று அழுகிறாள்.

"நானும்" என்றது சபை. தகரம் அதிர்ந்தது. போதகரும் தரையில் முழங்காலிட்டிருந்தார். கமிட்டி செய்தது அநியாயம்தான், அதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் மறுப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த வசனங்களை விட்டுவிட்டு முழங்காலிட்டேன். எல்லோரும் சொல்லி அடங்கிய பிறகு என் "நானும்" தனியாகக் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

நற்கருணை வரிசையில் ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள்.

"நீ போம்மா. நீதான் மொதல்ல வந்த" என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு காலை ஷேர் ஆட்டோ குறைவு. ஒரே இடம்தான் மிச்சம் என்றால், அடுத்த வண்டிக்கு நில்லுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். ஆராதனை தொடங்கியிருந்தாலும் உங்களை உள்ளே விடுவார்கள்.