லாசருவின் பாடம்

ஜப்பான்காரர்கள் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன், வெள்ளைக்காரர் ஆட்சியில் மலாக்கா இருந்தபோது, அந்த ஊரின் காஜா பெராங் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அக்கா மலாக்காவிலேயே காய்ச்சலில் இறந்துபோக, அத்தான் ஊருக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு மலாயாவுக்கு அழைத்து வந்திருந்தார். அக்காவின் மகளுக்கு ஆறு வயது. என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் விட்டால் அழுதே உடம்புக்கு வந்துவிடும் அவளுக்கு. கொஞ்ச காலம் வீட்டிலேயே சொல்லிக்கொடு என்றார் என் கணவர். எனக்குத் தெரிந்ததெல்லாம் பைபிள் கதைகள்தான். அதை வைத்தே எழுத்துக் கூட்டினோம். தென்னம்பாளையில் நோவாவின் பேழை செய்தோம், கோதுமை மாவில் ஐந்து அப்பம் சுட்டோம். கோலியாத்தின் உயரத்தைச் சுவரில் கரியால் கோடு போட்டு, வீட்டுக்காரரிடம் திட்டும் வாங்கினோம்.

ஆனாலும் எனக்கு அந்த வீட்டில் மனம் தரிக்கவில்லை. அலமாரியைத் திறந்தால் அக்காவின் சேலைகள். மாதா கோவிலுக்குப் போனால், அக்கா இருந்தால் இவள் ஏன் இங்கே வரப்போகிறாள் என்று குழந்தை காதுபடவே பேசுவார்கள். திரும்பக் கப்பலேறிவிட மாட்டோமா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் லாசருவின் கதை; இறந்து நாலு நாளானவனை இயேசு கல்லறையிலிருந்து கூப்பிட்டு எழுப்பிய கதை. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன். களிமண்ணில் குகை செய்து, வாசலுக்கு உருண்டைக் கல் வைத்து, துணி சுற்றிய பொம்மையை உள்ளே கிடத்தினோம். அவள் கல்லை உருட்டி, "வெளியே வா" என்று மறுபடி மறுபடி கூப்பிட்டு விளையாடினாள். இவ்வளவு ஆசையாகப் படிக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால் அவளைக் காணோம். கட்டிலடி, குளியலறை, கிணற்றடி எல்லாம் தேடினேன். கிணற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். சித்தியிடம் விட்ட பிள்ளை இப்படி ஆயிற்று என்று ஊர் பேசப்போவது வேறு காதில் கேட்டது.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள், பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழ்ந்து மலாய் பேசும் குடும்பம்; அவருக்குத் தமிழ் வராது, எனக்கு மலாய் அரைகுறை. துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் போனாள் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அலமாரிக்கு ஓடினேன். அக்காவின் பச்சைச் சேலை இல்லை. அக்காவைப் புதைத்த கல்லறைத் தோட்டம் அந்த ரோட்டில்தான் என்பது அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது.

மாட்டு வண்டியும் லாரியும் போகிற அந்த ரோட்டில் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அந்த அம்மாளும் இடுப்பில் சுற்றிய சாரோங் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே ஓடிவந்தார்.

கல்லறைத் தோட்டத்தில், அக்காவின் குழிமேட்டைச் சுற்றிப் பதித்திருந்த கற்களைப் பெயர்த்து ஓரமாக அடுக்கியிருந்தாள். கைவிரலெல்லாம் மண். மடியில் சேலை. அவளை வாரி அணைத்தேன். அடிக்கத் தோன்றவில்லை. அவள் விரல்களில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டேன்.

அவள்தான் முதலில் பேசினாள். "கல்லெல்லாம் எடுத்துட்டேன் சின்னம்மா. ஆனா சத்தமா கூப்பிடல."

ஏன் என்று கேட்டேன்.

"அம்மா எந்திரிச்சு வந்துட்டா நீங்க ஊருக்குப் போயிடுவீங்கல்ல?"

அக்கா இறந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கே உடைந்தது. அவளைக் கட்டிக்கொண்டு சத்தம்போட்டு அழுதேன். அவளும் அழுதாள். அம்மா இப்போது வரமாட்டாள் என்றும், நான் எங்கேயும் போகமாட்டேன் என்றும் சொன்னேன். தோட்ட வாசலில் நின்ற செட்டி அம்மாள் உள்ளே வந்து, பெயர்ந்த கற்களை எடுத்துக் கொடுத்தார். மூவருமாகத் திரும்பப் பதித்தோம்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது என் கணவர் கோபப்படவில்லை. மகளின் கைகளைத் தானே கழுவிவிட்டார். இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை மறுபடி எடுத்தேன். கூப்பிடுவதற்கு முன்னால் இயேசுவும் அழுதார் என்று முன்பு சொல்லாமல் விட்டதை இந்த முறை சொன்னேன்.

இன்று அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாயைக் கூப்பிடப் போன இடத்தில்கூட என்னை இழக்க மனமில்லாமல் குரலைத் தாழ்த்திக்கொண்ட அந்தக் குழந்தையை நினைத்தால், அந்த வீட்டில் எனக்கு இடம் கிடைத்தது கல்யாணத்தன்று அல்ல, அன்றுதான் என்று இப்போதும் தோன்றுகிறது.