நாலாவது ஹீட்டர் கோர்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் வேலையைப் பாருங்கள். யாரிடமும் கெஞ்ச எனக்கு நேரமில்லை. ஆனால் இது நடந்தது. தச்சநல்லூரில், என் ஒர்க்‌ஷாப்பில், 2025 டிசம்பர் 13, சனிக்கிழமை, பட்டப்பகலில்.

சாத்தான்குளம் தேவதாசன் அண்ணாச்சி பழைய லாரி ஒன்றை வாங்கியிருந்தார். புதுப் பெயின்ட், புதுத் தார்ப்பாய். கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஏற்றித் திங்கட்கிழமை ஸ்ரீநகர் கிளம்ப வேண்டும். டிரைவர் பெருமாள்ராஜ், என் தங்கை கலைச்செல்வியின் புருஷன். அங்கே பனி கொட்டுகிற மாதம். ஹீட்டர் இல்லாமல் போனால் ஆள் உயிரோடு திரும்ப மாட்டான்.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். எஞ்சினின் சுடுதண்ணீர் அதில் ஓடும். ஃபேன் அந்தச் சூட்டைக் கேபினுக்குள் ஊதும். பத்து நாளில் மூன்று கோர் மாற்றினேன். மூன்றும் ஒழுகின. அண்ணாச்சி நாலு பேர் முன்னால் கத்தினார்.

"டூப்ளிகேட் சாமான் போட்டு ஏமாத்துதீரா வே?"

இருபத்திரண்டு வருஷத் தொழில் எனக்கு. சுர்ரென்று ஏறிவிட்டது. அந்த ஆத்திரத்தைப் பெருமாள்ராஜ் மேல் காட்டினேன்.

"கூலன்ட் ஊத்தாம போர் தண்ணிய ஊத்துனியாலே? உப்பு அரிச்சிருக்கும்!"

"சத்தியமா இல்ல மச்சான்."

மூன்றாவது கோரை அறுத்துப் பார்த்தேன். துரு இல்லை, உப்பு இல்லை. உள்ளே பளபளவென்று இருந்தது. ஓட்டைகள் எல்லாம் வெளியிலிருந்து குத்தியவை. எந்தப் பயலோ வேண்டுமென்றே செய்கிறான், கையில் சிக்கினால் தோலை உரித்துவிடுவேன் என்று கறுவிக்கொண்டு, நாலாவதை நானே மாட்டினேன். வேறு யாரையும் கிட்ட விடவில்லை.

மணி 12.04. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். உச்சிப் பொழுதில் தனியே இருக்கக் கூடாது என்பார்கள் எங்கள் பக்கம். எனக்கு இருந்த கோபத்தில் உச்சியாவது ஒண்ணாவது! கேபினில் ஏறி எஞ்சினைக் கிளப்பி, ஹீட்டரை முழுச் சூட்டுக்கு வைத்தேன்.

12.09. டேஷ்போர்டுக்கு அடியில் சுடுதண்ணீர் வரும் ஹோஸைத் தொட்டேன். கை பொசுங்கியது. ஆனால் முகத்தில் அடித்த காற்று... ஜில்லென்று இருந்தது.

12.11. டேஷ்போர்டுக்குள் சத்தம். கர்... கர்... நகத்தால் தகரத்தைப் பிறாண்டும் சத்தம். எலி என்று நினைத்து ஓங்கிக் குத்தினேன். நின்றது.

உள்ளேயிருந்து திருப்பிக் குத்தியது.

டம்... டம்...

"எவம்லே அது? வெளிய வாலே!"

கண்ணாடி வெள்ளையாகப் பூத்தது. வெளியே வெயில். என் வாயிலிருந்து புகை.

கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

கர்... கர்...

பக்கத்து சீட் அமுங்கியது...

காதருகே ஒரு குரல். பல் கிட்டித்து நடுங்கும் குரல்.

"குளுருது வே... தொறந்து விடும்..."

12.14. கதவை உதைத்துக்கொண்டு வெளியே விழுந்தேன். கேபினிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாலாவதும் போய்விட்டது.

சாயங்காலம் அண்ணாச்சி வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "யார் வண்டி இது? உண்மையச் சொல்லும்! எந்தங்கச்சி தாலி இதுல கெடக்கு!"

அவர் தலையைத் தொங்கப்போட்டார். "ரெண்டு வருசம் முன்ன இந்த வண்டி காஷ்மீர்ப் பனியில மாட்டிக்கிட்டு வே. டிரைவர் கேபினுக்குள்ளயே வெறச்சுச் செத்துட்டான். நம்ம ஊருக்காரன்தான், சங்கிலிபூதத்தான்னு பேரு. எவனோ ஒரு மெக்கானிக்கு ஹீட்டர் ஹோஸ் ரெண்டையும் ஒண்ணாச் சேத்து அடச்சு விட்டுருக்கான். அந்த நாய் மட்டும் கையில கெடச்சாம்னா..."

என் கை அவர் சட்டையிலிருந்து இறங்கியது.

எங்கள் ஊரில் கோர் ஒழுகினால் யாரும் மாற்ற மாட்டோம். தண்ணீர் அந்தப் பக்கமே போகாதபடி ஹோஸை இணைத்துவிடுவோம். நெல்லை வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?

பெருமாள்ராஜை நான் போகவிடவில்லை. காரணத்தை அவனிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.

ரெண்டு வருஷம் முன்னால், இந்தப் புதுப் பெயின்ட் இல்லாத இதே வண்டியோடு வந்த சங்கிலிபூதத்தான் என்னிடம் தன்மையாகத்தான் கேட்டான், "வடக்க போறேன் வே, கோரை மாத்திக் குடும்" என்று. நான்தான் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"போய்ட்டு வாரும். வந்து மாத்திக்கலாம்."